ரெண்டு சான்ட்ரோ, ஒரே பேரு: டெஸ்ட் டிரைவ்ல தெரியாத வரலாறு

கார் பத்தி எழுதினாலே நம்ம மக்கள் கேட்கிற முதல் கேள்வி ஒண்ணுதான்: "லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?" ரெண்டாவது, "என்ன ரேட்டு?" மூணாவதா, "பழைய மாடலுக்கும் புதுசுக்கும் என்னய்யா வித்தியாசம்?" இந்தப் பதிவு மூணாவது கேள்விக்கு மட்டும். முதல் ரெண்டு கேள்விக்காக வந்தவங்க மன்னிச்சு விட்டுடுங்க :-)

பொட்டி தட்டற வேலையில ஒரு பழக்கம் உண்டு. புது வெர்ஷன் வந்தா கூடவே ஒரு லிஸ்ட் வரும், என்னென்ன மாத்தியிருக்கோம்னு. பட்டன் கலர் மாறினதை அதுல முதல் வரியில பெருசா போட்டிருப்பாங்க. உள்ளே ஆறு மாசம் உட்கார்ந்து அடைச்ச ஓட்டை கடைசி வரியில பொடி எழுத்துல இருக்கும், இல்லேன்னா இருக்கவே இருக்காது. காரும் இப்படித்தாங்கிறது என் கட்சி. டெஸ்ட் டிரைவ்ல நம்ம கைக்கும் காலுக்கும் தெரியறது பட்டன் கலர் மட்டும்தான். இருபது வருஷ வரலாறு தகட்டுக்கு அடியில இருக்கு.

எடுத்துக்கிட்ட கார் ஹூண்டாய் சான்ட்ரோ. நம்ம தமிழ்நாட்டுல, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில செஞ்ச கார். பழசு ஒண்ணு, 2004 மாடல் சான்ட்ரோ ஜிங். புதுசு ஒண்ணு, 2019 மாடல். ரெண்டையும் ஒரே நாள்ல சேலம் - நாமக்கல் ரோட்டுல ஓட்டிப் பார்க்கிற வாய்ப்பு கிடைச்சது. அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

வெர்ஷனே இல்லாத காலம்

"புது மாடல் வாங்கலாமா, பழசு வாங்கலாமா"ங்கிற கேள்வியே நம்ம நாட்டுக்குக் கொஞ்சம் புதுசு. அம்பாசடர் 1950களின் கடைசியில வந்தது, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வச்சு. மார்க் 2, மார்க் 3, மார்க் 4ன்னு பேர் மாறிக்கிட்டே இருந்தது. முன்னாடி கிரில் மாறும், டேஷ்போர்டு மாறும். வண்டி என்னவோ அதே வண்டிதான். 2014 மே மாசம் உத்தரபாரா தொழிற்சாலையில நிறுத்தின வரைக்கும் அந்த உருண்டை உருவம் மாறலை. பம்பாய்ல பத்மினி, நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அவ்ளோதான் மார்க்கெட். லைசென்ஸ் ராஜ்யத்துல காசு கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். கிடைச்சதே பெருசுங்கிற நிலைமையில யார் வெர்ஷனைப் பத்திக் கேட்கப் போறா?

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. சுசுகியின் சின்னக் கார், 796 சிசி, மூணு சிலிண்டர். மூணே வருஷத்துல, 1986ல, அதே பேர்ல வேற பாடி வந்தது. என்ஜின் அதே 796 சிசி. ஒரே பேர்ல ரெண்டு வேற வேற கார், நடுத்தரக் குடும்பம் யோசிக்கிற விலையில, நாலே வருஷத்துக்குள்ள ரோட்டுக்கு வந்தது அப்பதான். "பழைய மாருதி", "புது மாருதி"ன்னு சனங்க பேச ஆரம்பிச்சாங்க. ஆனா அந்தப் "புது" மாருதி அப்புறம் 2014 ஜனவரி வரைக்கும் கிட்டத்தட்ட அப்படியே ஓடிச்சு. 28 வருஷப் புதுசு!

சேலம், நாமக்கல் பக்கத்துக்கு இன்னொரு கதை உண்டு. இது லாரி தேசம். சங்ககிரி, நாமக்கல், ராசிபுரம்னு எங்க போனாலும் லாரி பாடி கட்டற பட்டறை, திருச்செங்கோடு போனா போர் போடற ரிக் வண்டி. கார் வாங்கறதுக்கு முன்னாடி லாரி வாங்கின குடும்பங்கள் இங்க நிறைய. லாரி சம்பாதிச்சுப் போடும், கார் சம்பாதிச்சுப் போடாது. அதனால கார்ங்கிறது இங்க கணக்குப் பார்த்து, தள்ளிப் போட்டு, கடைசியா வாங்கற சாமான். அந்த வரிசையில நின்னவங்களுக்குத்தான் சான்ட்ரோ வந்து சேர்ந்தது.

1998: ஒசரமா ஒரு பொடியன்

ஹூண்டாய் மோட்டார் இந்தியா 1996 மே மாசம் கம்பெனியா பதிவானது. 1998 செப்டம்பர்ல சான்ட்ரோ ரோட்டுக்கு வந்துருச்சு. கொரியாவுல வித்துக்கிட்டிருந்த ஏடோஸ்ங்கிற காரை நம்ம ஊருக்காக மாத்தினதுதான் அது. ஹூண்டாய்னா என்னன்னே இங்க யாருக்கும் தெரியாது. அதனால ஷாருக்கான் விளம்பரத்துலயே "முன்பின் தெரியாத கம்பெனிக்கு நான் ஏன் நடிக்கணும்"ங்கிற மாதிரி கேள்வி கேட்டுட்டு, அப்புறம் சம்மதிக்கிறதா கதை பண்ணினாங்க. சனங்க மனசுல இருந்த சந்தேகத்தை அப்படியே விளம்பரமாக்கின புத்திசாலித்தனம்.

அதே 1998லதான் டேவூ மாட்டிஸும் வந்தது. டிசம்பர்ல டாடா இண்டிகா. ஒரே வருஷத்துல மூணு பேர் மாருதியோட வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க.

சான்ட்ரோவைப் பார்த்த முதல் பார்வையில "என்னடா இது, டப்பா மாதிரி ஒசரமா"ன்னு முகம் சுளிச்சவங்க உண்டு. ஆனா வாங்கினவங்களுக்கு அந்த ஒசரந்தான் காரணம். குனிஞ்சு நுழைய வேண்டாம், சேர்ல உட்காருற மாதிரி உட்காரலாம். வேட்டி, சேலை, தலைப்பாகை, முழங்கால் வலி எல்லாத்துக்கும் ஒத்து வந்தது. உள்ள 999 சிசி, நாலு சிலிண்டர், சுமார் 55 குதிரைத்திறன். கார்புரேட்டர் கிடையாது, ஆரம்பத்துலயே மல்டிபாயின்ட் ஃப்யூல் இன்ஜெக்ஷன். பெட்ரோலை எவ்ளோ விடணும்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு பண்ணும்.

இது வெறும் வசதி இல்லை. 1999 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம், டெல்லி வட்டாரத்துல அந்த வருஷம் ஜூன் முதல் யூரோ 1, 2000 ஏப்ரல் முதல் யூரோ 2ன்னு உத்தரவு போட்டது. கார்புரேட்டரை வச்சுக்கிட்டு அந்த அளவைத் தாண்டறது சிரமம். இன்ஜெக்ஷனோட வந்தவங்களுக்குச் சுளுவு. மாருதி 800க்கும் அந்தச் சமயத்துலதான் இன்ஜெக்ஷன் வந்து சேர்ந்தது. கோர்ட்டு உத்தரவு ஒண்ணு காரோட வெர்ஷனை மாத்தின கதை இது.

2003ல சான்ட்ரோ ஜிங், 1086 சிசி என்ஜினோட. 2014 கடைசி வரைக்கும் சான்ட்ரோ வித்தது. உள்நாட்டுல மட்டும் 13 லட்சத்துக்கும் மேல.

ரோட்டுல ரெண்டும்

இப்ப ஓட்டின கதை. 2004 ஜிங் எங்க பெரியப்பாவோடது. முட்டை வியாபாரம் பண்ணிக்கிட்டிருந்தவர், இப்ப ஓய்வு. 2019 வண்டி எங்க அக்கா வீட்டுக்காரர், அதாவது மச்சான், வாங்கலாம்னு பார்த்துக்கிட்டிருந்த செகண்ட் ஹேண்ட் கார். அக்காவுக்கு ஏழாவது மாசம். நாமக்கல்லேருந்து சேலத்துக்கு செக்கப் போக வர, பஸ்ஸும் வேண்டாம், டாக்ஸியும் வேண்டாம், சொந்தமா ஒண்ணு இருக்கட்டும்னு முடிவு. பெரியப்பா "ஏன் கண்ணு காசைக் கரியாக்கறீங்க, என் வண்டியே நல்லாத்தான ஓடுது, எடுத்துட்டுப் போங்க"ன்னார். அதனாலதான் ரெண்டையும் ஓட்டிப் பார்த்துரலாம்னு கிளம்பினோம்.

ஞாயித்துக்கிழமை காலையில சீலநாயக்கன்பட்டியில ஆரம்பிச்சு மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் வழியா நாமக்கல். போறப்ப ஒரு வண்டி, வர்றப்ப இன்னொண்ணு. ரோடு கிட்டத்தட்ட நேர்கோடு. பெரியப்பா கார் வாங்கினப்ப இது என்.எச். 7, ஒத்தை ரோடு, எதிர்ல வர்ற லாரி லைட்டைப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கித்தான் போகணும். 2010ல நம்பர் மாத்தினதுல என்.எச். 44 ஆச்சு. இப்ப நாலு வழிச்சாலை.

முதல்ல கைக்கும் காலுக்கும் தெரிஞ்சது:

1. பழசுல ஏறி உட்காருறது இன்னைக்கும் சுகம். ஜிங்கோட ஒசரம் 1590 மில்லிமீட்டர். புதுசு 1560. ஒசரமான பையன்னு பேர் வாங்கின காரோட அடுத்த தலைமுறை 30 மில்லிமீட்டர் குட்டை! பெரியப்பா உட்கார்ந்ததுமே கண்டுபிடிச்சுட்டார்: "தலை குனிஞ்சு வர வெச்சுட்டானே."

2. அகலத்துல கதை தலைகீழ். பழசு 1525, புதுசு 1645. 120 மில்லிமீட்டர் கூட. பழசுல பின்னாடி மூணு பேர் உட்கார்ந்தா நடுவுல இருக்கறவர் பாவம். புதுசுல கொஞ்சம் குறைச்ச பாவம்.

3. என்ஜின் ரெண்டும் 1086 சிசி, நாலு சிலிண்டர், ஒரே குடும்பம். பழசு 63 குதிரைத்திறன் சொச்சம், புதுசு 69. புது மாருதியும் பழைய மாருதியும் ஒரே 796 சிசின்னு மேலே சொன்னேன் இல்லையா, அதே கதை இங்கேயும். புள்ளிவிவரத்துல ஆறு குதிரை கூட. கால்ல தெரியறது, நாலாவது கியர்ல முன்னாடி லாரியைத் தாண்டறப்ப கொஞ்சம் தைரியம்.

4. முட்டை டிரே அடுக்கின லாரி பக்கத்துல போறப்ப பழசு லேசா காத்துல அசையுது. ஒசரம் ஜாஸ்தி, அகலம் கம்மி. புதுசு அசையாம நிக்குது.

5. புதுசுல 7 அங்குல டச் ஸ்கிரீன், பின் சீட்டுக்கு ஏசி. மச்சான் பாதி தூரம் ஸ்கிரீனைத்தான் தடவிக்கிட்டிருந்தார்.

இதோட நிறுத்தியிருந்தா முடிவு "புதுசு கொஞ்சம் பெட்டர், பழசு இன்னும் மோசமில்லை"ன்னுதான் இருந்திருக்கும். பெரியப்பா கட்சி ஜெயிச்சிருக்கும்.

வர்ற வழியில, வீட்டு மனை போட்டு யாரும் வீடு கட்டாம கிடக்கிற இடம் ஒண்ணுல வண்டியை இறக்கினோம். ஜல்லியும் மண்ணுமா தரை. ஆள் இல்லாத இடம். 40 கி.மீ. வேகத்துல போய், ஒரு கல்லை அடையாளம் வச்சு, பிரேக்கை முழுசா மிதிச்சுக்கிட்டே ஸ்டியரிங்கைத் திருப்பறதுன்னு திட்டம். ஜிங்ல சக்கரம் நாலும் பூட்டிக்கிச்சு. ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி நேராவே வழுக்கிட்டுப் போச்சு. சுத்தாத சக்கரத்துக்குத் திசை கிடையாது, அது இயற்பியல். புதுசுல பிரேக் பெடல் காலுக்கடியில தடதடன்னு அடிச்சது. வண்டி வேகம் குறையக் குறையக் கல்லைச் சுத்தி வளைஞ்சு நின்னுச்சு. ஏபிஎஸ் பண்ற வேலை இவ்ளோதான்: சக்கரம் பூட்டப் போறதை சென்சார் பார்த்துடும், பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். ஜல்லியில நிக்கிற தூரம் அதனால குறையும்னு சொல்ல முடியாது. ஆனா திருப்பற உரிமை நம்ம கையில இருக்கும்.

பெரியப்பா ஒண்ணும் பேசலை. "இன்னொரு வாட்டி பண்ணு"ன்னார். பண்ணினேன்.

கண்ணுக்குத் தெரியாத லிஸ்ட்

டெஸ்ட் டிரைவ்ல நாமளே பார்க்க முடிஞ்ச ஒரே உயிர் காக்கிற சமாச்சாரம் ஏபிஎஸ்தான். மத்ததை ஓட்டிப் பார்க்க முடியாது. ஓட்டிப் பார்க்கிற நிலைமை வரவும் கூடாது. அந்த லிஸ்ட் எப்படி வந்ததுன்னு பார்ப்போம்.

முதல்ல புகை. 2000 ஏப்ரல்ல நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 1க்குச் சமமான விதி வந்தது. சென்னை மாதிரி பெருநகரங்கள் சீக்கிரமே ஸ்டேஜ் 2க்குப் போயிட்டாங்க. சேலம், நாமக்கல் மாதிரி ஊருக்கு ஸ்டேஜ் 2 வந்தது 2005ல. அதாவது பெரியப்பா 2004ல கார் வாங்கினப்ப, சட்டப்படி சென்னைக்காரருக்கு ஒரு காத்து, நமக்கு ஒரு காத்து! இந்த ரெட்டை அளவு 2017 ஏப்ரல்ல ஸ்டேஜ் 4 நாடு முழுக்க ஆகறவரைக்கும் நீடிச்சது. 2020 ஏப்ரல்ல ஐந்தைத் தாண்டி நேரா ஸ்டேஜ் 6.

அடுத்தது மோதல். 2014 ஜனவரியில குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவுல விக்கிற சின்னக் கார்கள் அஞ்சை வாங்கி 64 கி.மீ. வேகத்துல மோதிப் பார்த்தாங்க. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல் அஞ்சும் பூஜ்ஜியம் ஸ்டார். அதே போலோவை ரெண்டு ஏர்பேக்கோட மோதினப்ப நாலு ஸ்டார். கார் செய்யத் தெரியாம இல்லை, நாம கேட்கலை, சட்டமும் கேட்கலைன்னு ஊருக்கே தெரிஞ்ச நாள் அது.

அப்புறம்தான் வேகம் பிடிச்சது. 2017 அக்டோபர்ல புது மாடல்களுக்கும், 2019 அக்டோபர்ல எல்லா மாடலுக்கும் மோதல் சோதனை கட்டாயம். 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அதே ஜூலை முதல் டிரைவருக்கு ஏர்பேக். பக்கத்து சீட்டுக்கு ஏர்பேக், 2022 ஜனவரியிலதான் எல்லாப் புதுக் காருக்கும் வந்தது. 2023 அக்டோபர்ல நம்ம நாட்டுக்கே பாரத் என்கேப்னு சொந்த மதிப்பெண் முறை.

இதுல எதுவும் ஷோரூம்ல டச் ஸ்கிரீன் பக்கத்துல நின்னு பேசற சமாச்சாரம் இல்லை. ஒவ்வொண்ணும் கோர்ட்டாலயோ, அரசு ஆணையாலயோ, வெளிநாட்டு அமைப்பு ஒண்ணு காரை உடைச்சுக் காட்டினதாலயோ வந்தது. வாங்கறவன் கேட்டு வந்தது ரொம்பக் குறைச்சல்.

புது சான்ட்ரோவும் தங்கக் கட்டின்னு நினைச்சுடாதீங்க. 2019ல குளோபல் என்கேப் சோதனையில அதுக்குக் கிடைச்சது ரெண்டு ஸ்டார்தான். பூஜ்ஜியத்துலேருந்து ரெண்டுக்கு வந்திருக்கோம், அஞ்சுக்கு வரலை.

நல்ல வெர்ஷன் ஏன் தோத்தது?

புது சான்ட்ரோ 2018 அக்டோபர் 23ல வந்தது, ஆரம்ப விலை 3.89 லட்சம். அதுக்கு முன்னாடி ஏஎச்2ன்னு குறிப்புப் பேர் வச்சு, "என்ன பேர் வைக்கலாம்"னு சனங்களுக்குப் போட்டியே வச்சாங்க. பழைய பேர்தான் ஜெயிச்சது. அடிப்படை மாடல்லேயே டிரைவர் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும். ஆட்டோ கியர் உண்டு, கம்பெனியே போட்ட சிஎன்ஜி உண்டு. எப்படிப் பார்த்தாலும் 1998 காரை விட நல்ல கார். ஆனா 2022லேயே நிறுத்திட்டாங்க. பழசு 16 வருஷம், புதுசு நாலு வருஷம் கூட முழுசா இல்லை.

காரணம் கார்ல இல்லை, வாங்கறவங்க கிட்ட இருக்குன்னு நினைக்கறேன். 1998ல சான்ட்ரோ வாங்கினவர் பெரும்பாலும் மொபெட்லேருந்து, பைக்லேருந்து வந்தவர். அவருக்கு நாலு சக்கரமே கனவு. 2018ல அதே காசு வச்சிருந்தவர் கண்ணு பிரெஸ்ஸா மாதிரி ஒசரமான எஸ்யூவி மேல. 2019ல ஹூண்டாயே வென்யூ, கிராண்ட் ஐ10 நியோஸ்னு ரெண்டைக் கொண்டு வந்து சான்ட்ரோவுக்குப் பக்கத்துலயே நிறுத்தினாங்க. ஸ்டேஜ் 6, பாதுகாப்பு விதி எல்லாம் சேர்ந்து சின்னக் காரோட விலையைத்தான் விகிதத்துல அதிகமா ஏத்திச்சு. 4 மீட்டருக்குள்ள நீளம், 1200 சிசிக்குள்ள பெட்ரோல் என்ஜின்னா வரி குறைவுங்கிற 2006 பட்ஜெட் ஏற்பாடு சின்னக் காருக்காக வந்தது. அதே 4 மீட்டருக்குள்ள எஸ்யூவியை மடிச்சு வைக்கக் கத்துக்கிட்டாங்க. 2023ல எக்ஸ்டர் வந்தப்ப கதை முழுசாச்சு: ஒசரமா உட்காருற ஆசை சான்ட்ரோ ஆரம்பிச்சு வச்சது, அதுவே சான்ட்ரோவை முடிச்சு வச்சது.

சரி, என்ன முடிவு பண்ணினோம்?

பெரியப்பா வண்டி இன்னும் அவர்கிட்டதான். 2019ல 15 வருஷம் முடிஞ்சு பதிவைப் புதுப்பிச்சப்ப அதுக்கான கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல்ல அதை 5000 ஆக்கினாங்க, 2024ல அதையும் கட்டிட்டார். "நாமக்கல் டவுனுக்குள்ள முப்பதுல போறதுக்கு இது போதும், பைபாஸுக்கு வேண்டாம்"னு அவரே சொல்லிட்டார். அந்த ஜல்லி மேட்டுல ரெண்டாவது வாட்டி வழுக்கினதுக்கு அப்புறம் அவர்கிட்ட யாரும் வாதாடலை.

நாங்க ஓட்டின 2019 வண்டியை மச்சான் வாங்கலை. டேஷ்போர்டுல இடது பக்கம் ஏர்பேக் எழுத்து இல்லை. அப்போ அது மேல் வேரியன்ட்லதான் இருந்தது. அக்கா உட்காருற பக்கம் அதுதானே.

செகண்ட் ஹேண்ட்ல சின்னக் கார் பார்க்கிறவங்க இந்த மூணை மட்டும் குறிச்சு வச்சுக்கோங்க. தயாரிச்ச மாசமும் வருஷமும் 2022 ஜனவரிக்கு முன்னாடியா, பின்னாடியா? இக்னிஷன் போட்டதும் ஏபிஎஸ், ஏர்பேக் விளக்கு எரிஞ்சு அணையுதா? எரியவே இல்லேன்னாலும் சந்தேகப்படுங்க, அணையலேன்னாலும் சந்தேகப்படுங்க. பெல்ட் போடாதவருக்கு ஏர்பேக் உதவி இல்லை, உபத்திரவம். கர்ப்பிணிகளும் போடணும்: கீழ்ப்பட்டை வயித்துக்குக் கீழே இடுப்பெலும்பு மேல, மேல்பட்டை மார்புக்கு நடுவுல, வயித்து மேல படாம.

மச்சான் இன்னும் தேடிக்கிட்டிருக்கார். அதுவரைக்கும் அக்கா வாடகைக் கார்ல, பின் சீட்டுல, பெல்ட்டோட போறா. புரோக்கர் யார் போன் பண்ணினாலும் மச்சான் கேட்கிற முதல் கேள்வி இப்ப மாறிடுச்சு. "லிட்டருக்கு எவ்ளோ"ங்கிறது ரெண்டாவது இடத்துக்குப் போயிடுச்சு.

டிஸ்கி: ஜல்லியில பிரேக் போட்டுப் பார்க்கிற விளையாட்டை ரோட்டுல பண்ணிப் பார்க்காதீங்க மக்கா. உங்க வீட்டு முதல் கார் எது, அதுல எந்த சீட்டுக்கு பெல்ட் இருந்ததுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பாதிப் பேருக்கு ஞாபகமே இருக்காதுன்னு பந்தயம் :-)